எம்டனின் கரிக்கப்பல்கள்

என் அப்பத்தா பிறந்த தேதி யாருக்கும் தெரியாது. மாதம் மட்டும் தெரியும்: மதராஸில் எம்டன் கப்பல் குண்டு போட்ட புரட்டாசி. யார் வயதைக் கேட்டாலும் அவள் அந்தக் கணக்கைத்தான் சொல்வாள். ரேஷன் கார்டுக்கு எழுத வந்தவரிடமும் அதையே சொன்னாள். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு 1914 என்று எழுதிக்கொண்டு போனார்.

திண்டுக்கல் பக்கம் இருக்கும் எங்கள் அகரத்திலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமென்றால் எந்தத் திசையில் போனாலும் நூறு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். தாடிக்கொம்பு பக்கம் குடகனாற்றில் தண்ணீர் ஓடினாலே ஊரே போய் வேடிக்கை பார்க்கும். அப்பத்தா சாகும்வரை கடலைப் பார்க்கவில்லை. ஆனால் எம்டன் அவள் நாக்கில் குடியிருந்தது. காயப்போட்ட கடலையை நான் கை நிறைய அள்ளிக்கொண்டு ஓடினால், "எம்டன் கணக்கா வந்து அள்ளிட்டுப் போறான் பாரு" என்று திண்ணையிலிருந்து சத்தம் வரும். கண்டிப்பான வாத்தியார் எம்டன். கந்துவட்டிக்குக் கொடுப்பவர் எம்டன். சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கும் சம்பந்தி வீட்டுக்காரரும் எம்டன். அது ஒரு ஜெர்மன் ஊரின் பெயர், அந்த ஊரின் பெயரைத்தான் கப்பலுக்கு வைத்தார்கள் என்பதை நான் கப்பலுக்குப் போன பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

1974இல் இருபது வயதில் சரக்குக் கப்பலில் சேர்ந்தேன். இன்ஜின் ரூம் வேலை. எண்ணெய் போடுகிறவனை அங்கே தேல்வாலா என்பார்கள். நான் சேர்ந்தபோது கப்பல்கள் எண்ணெயில்தான் ஓடின. ஆனால் எண்ணெய் நிரப்புவதற்கு இன்றைக்கும் 'பங்கர் எடுப்பது' என்றுதான் பெயர். பங்கர் என்பது கரி கொட்டி வைக்கும் அறை. கரி போய்விட்டது, அதன் அறை மட்டும் பேச்சில் தங்கிவிட்டது. எங்கள் கப்பலில் கல்கத்தா கிதிர்பூர்க்காரர் ஒருவர் இருந்தார், ஓய்வுபெறும் வயது. நாங்கள் சாச்சா என்போம். அவர் சின்ன வயதில் கரி பாய்லரில் வேலை செய்தவர். அடுப்பில் கரி அள்ளிப் போடுபவர் ஆக்வாலா, பங்கரிலிருந்து அந்தக் கரியை வாரி அவர் காலடியில் கொண்டுவந்து சேர்ப்பவர் கோய்லாவாலா. சாச்சா கோய்லாவாலாவாக ஆரம்பித்தவர். அவர் முழங்கையில் நீலமாகச் சில புள்ளிகள் இருக்கும். காயத்துக்குள் கரித்தூள் போய் அப்படியே ஆறிப்போனது என்று காட்டினார்.

எம்டனைப் பற்றித் தமிழில் எழுதியவர்கள் ஏராளம். பெரும்பாலோர் பீரங்கியிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். முப்பது வருஷம் இன்ஜின் ரூமில் கிடந்தவன் நான். எனக்கு அடுப்பிலிருந்துதான் ஆரம்பிக்கத் தெரியும்.

எம்டன் 1908இல் டான்சிக் கப்பல் தளத்தில் கடலில் இறக்கப்பட்ட சின்னப் போர்க்கப்பல். பத்து பீரங்கி, பன்னிரண்டு பாய்லர், சுமார் 360 ஆட்கள். பங்கர் முழுக்க நிரப்பினால் எண்ணூறு டன்னை ஒட்டிக் கரி பிடிக்கும். மணிக்குப் பன்னிரண்டு கடல் மைல் என்று நிதானமாகப் போனால் அந்தக் கரியில் சுமார் 3,700 கடல் மைல் போகலாம். வகுத்துப் பார்த்தால் பதின்மூன்று நாள் ஓட்டம், நாளொன்றுக்கு அறுபது டன். துரத்தவோ தப்பி ஓடவோ வேகம் பிடித்தால் அடுப்பு அதைப்போல் பல மடங்கு தின்னும். பதின்மூன்று நாளுக்கு ஒருமுறை துறைமுகம் தேவைப்படுகிற ஒரு கப்பல், ஒரு துறைமுகம்கூடத் தனக்கென்று இல்லாத வங்கக் கடலிலும் இந்தியப் பெருங்கடலிலும் இரண்டு மாதம் எப்படி நடமாடியது? இதைத்தான் நான் வருஷக்கணக்காகத் தேடிப் படித்தேன்.

முதல் உலகப் போர் தொடங்கியபோது ஜெர்மனியின் கிழக்காசியக் கப்பல்படை சீனாவின் சிங்டாவ் துறைமுகத்தை நம்பி இருந்தது. 1914 ஆகஸ்ட் நடுவில் பசிபிக்கில் உள்ள பேகன் தீவில் அந்தப் படையின் கப்பல்கள் கூடின. தளபதி வான் ஷ்பே மொத்தப் படையையும் கிழக்கே, தென் அமெரிக்காவை நோக்கிக் கொண்டு போவதென்று முடிவு செய்தார். இந்தியப் பெருங்கடலுக்கு முழுப் படையையும் அனுப்பினால் அத்தனை அடுப்புக்கும் கரி கிடைக்காது. ஒரே ஒரு கப்பலென்றால் பிடிக்கிற கப்பல்களின் கரியிலேயே வயிறு வளர்க்கலாம். அந்த ஒற்றைக் கப்பலாகப் போக எம்டனின் காப்டன் கார்ல் வான் முல்லர் முன்வந்தார். அவரோடு மார்க்கோமானியா என்ற சரக்குக் கப்பலையும் சேர்த்து அனுப்பினார்கள். ஹாம்பர்க்-அமெரிக்கா கம்பெனியின் சாதாரண வியாபாரக் கப்பல் அது. அடிவயிறு முழுக்கக் கரி, மேலே பீரங்கி ஒன்றுகூடக் கிடையாது. எம்டன் வேட்டைக்குப் போகும்போது இது எட்ட நிற்கும். வேட்டை முடிந்ததும் சொல்லிவைத்த இடத்துக்கு வந்து கரி கொடுக்கும். எதிரியிடம் மாட்டினால் சண்டை போட வழியில்லை. ஓடித் தப்பிக்க வேகமும் இல்லை. இந்தக் கப்பலில் இருந்தவர்களின் தைரியம் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

பிரிட்டிஷ் கப்பல் என்று பார்ப்பவர்கள் நினைக்க வேண்டும் என்பதற்காக, மூன்று புகைபோக்கி உள்ள எம்டனுக்கு நான்காவதாக ஒரு பொய்ப் புகைபோக்கியைக் கட்டினார்கள். செப்டம்பர் முதல் வாரம் சுமத்ராவின் வடமேற்கே சிமெயுலுவே தீவில் ஒதுங்கி மார்க்கோமானியாவிடம் கரி வாங்கினார்கள். அது டச்சுக்காரர் ஆண்ட தீவு, நடுநிலை நாடு. டச்சு அதிகாரி படகில் வந்து, நடுநிலைத் துறையில் தங்கும் கெடு முடிந்தது, கிளம்புங்கள் என்றார். கிளம்பி வங்கக் கடலுக்குள் வந்தார்கள். நம் கணக்கில் ஆவணிக் கடைசி.

செப்டம்பர் 10ஆம் தேதி முதலில் அகப்பட்டது போன்டோபோரோஸ் என்ற கிரேக்கக் கப்பல். கல்கத்தாவில் ஏற்றிய 6,500 டன் வங்காளக் கரி அதில் இருந்தது. கிரேக்கம் நடுநிலை நாடென்பதால் கப்பலை மூழ்கடிக்காமல் அதன் காப்டனிடம் பேசி, வாடகையை ஜெர்மனி பேருக்கு மாற்றிக்கொண்டு கூடவே கூட்டிப் போனார்கள். அன்றைக்கே இண்டஸ் என்ற பிரிட்டிஷ் கப்பல். இந்தியப் பட்டாளத்தையும் குதிரைகளையும் ஏற்றப் போய்க்கொண்டிருந்த காலிக் கப்பல் அது. அதிலிருந்து அள்ளியதில் எம்டன் ஆட்களுக்குப் பெரிய சந்தோஷம் கொடுத்தது சோப்பு. வாரத்துக்கு ஒருமுறை கரியில் புரள்கிறவனுக்கு அது என்ன பொருள் என்று எனக்குத் தெரியும். பிறகு லோவாட், கபிங்கா, கில்லின், தேயிலை ஏற்றி வந்த டிப்ளமாட், டிராபாக், கிளான் மாதிசன் என்று ஐந்தாறு நாளுக்குள் வரிசையாக மாட்டின. கபிங்காவில் காப்டனின் மனைவியும் குழந்தையும் இருந்ததால் அதை மூழ்கடிக்காமல், மற்ற கப்பல்களில் பிடிபட்டவர்களையும் அதில் ஏற்றிவிட்டுப் போகச் சொன்னார் முல்லர். பிடித்த வியாபாரக் கப்பல்களில் ஓர் உயிருக்கும் சேதம் வராமல் பார்த்துக்கொண்ட மனிதர் என்று எதிரிகளே அவரைப் பாராட்டினார்கள்.

போன்டோபோரோஸின் வங்காளக் கரியைப் பற்றி எம்டன்காரர்களுக்குப் பெரிய மனக்குறை. புகை அதிகம், சாம்பல் அதிகம், சூடு குறைவு. புகை என்பது தொடுவானத்துக்கு அப்பால் இருக்கிறவனுக்கும் நம்மைக் காட்டிக்கொடுக்கும் கொடி. அந்தக் கரியை நான் கையால் தொட்டிருக்கிறேன். எண்பதுகளில் ஹால்தியாவிலிருந்து தூத்துக்குடி அனல்மின் நிலையத்துக்குக் கரி கொண்டுபோன கப்பலில் நான் வேலை பார்த்தேன். எம்டன் திரிந்த அதே கடல், அதே வங்காளக் கரி. உடைத்தால் சில கட்டிகள் பாதி கல்லாக இருக்கும். சரக்கறையான ஹோல்டில் மூடி வைத்தால் தானே சூடேறும், கவனிக்காவிட்டால் தானே பற்றிக்கொள்ளும். நாங்கள் இரண்டு வேளையும் குழாய்க்குள் தெர்மாமீட்டரை இறக்கிச் சூடு பார்ப்போம். துறைமுகத்தில் கிராப் இறங்கி ஒரே கடியில் டன் கணக்கில் அள்ளும். எங்களுக்கு மிஞ்சியது தூசி மட்டும்தான்.

எம்டனுக்கு கிராப் ஏது? நடுக்கடலில் கரி மாற்றுவது எப்படி என்பதை சாச்சா ஒருநாள் ராத்திரி வாட்ச் முடிந்து தேநீர் கிளாஸோடு உட்கார்ந்து எனக்கு விளக்கினார். இரண்டு கப்பலையும் பக்கவாட்டில் சேர்த்துக் கட்ட வேண்டும். நடுவில் கயிற்றுப் பந்து, பாய், கட்டை என்று கிடைத்ததையெல்லாம் தொங்கவிட வேண்டும். அலை தூக்கும்போது ஒன்று ஏறும், மற்றது இறங்கும். கட்டிய கயிறு அறுந்தால் எதிரில் நிற்பவன் கால் போகும். கரிக்கப்பலின் ஹோல்டுக்குள் இறங்கி மண்வெட்டியால் சாக்கில் வார வேண்டும். வின்ச் சாக்கைத் தூக்கி அடுத்த கப்பலின் டெக்கில் இறக்கும். அங்கிருந்து தள்ளிக்கொண்டு போய்த் துவாரத்தின் வழியே பங்கரில் கொட்ட வேண்டும். பங்கருக்குள் குனிந்தபடி நிற்கிறவன் அதை மூலை முடுக்கெல்லாம் பரப்ப வேண்டும். உள்ளே காற்று கிடையாது. வாயில் துணி கட்டிக்கொண்டால் மூச்சு முட்டும், கட்டாவிட்டால் கரி உள்ளே போகும். "கட்டிக்கிட்டவனும் இருமினான், கட்டாதவனும் இருமினான் பேட்டா," என்றார் சாச்சா, எனக்காக அவர் கற்றுக்கொண்ட தமிழில்.

துறைமுகத்திலென்றால் இதற்குக் கூலியாட்கள் இருப்பார்கள். எம்டனில் மாலுமிகளே செய்தார்கள், அதிகாரிகளும் சேர்ந்து. பங்கர் நிறைந்த பிறகும் விடவில்லை. அடுத்த கரி எப்போது கிடைக்குமோ என்று டெக்கிலும் குவித்து வைத்தார்கள். அந்தக் குவியலுக்கு நடுவில்தான் தூங்கினார்கள்.

மதராஸுக்கு வருவதற்கு முன்பு அந்தமான் பக்கம் போய்க் கரி நிரப்பிக்கொண்டு, செப்டம்பர் 22ஆம் தேதி கரையை நெருங்கினார்கள். மார்க்கோமானியா ஓரிடத்தில் தனியே காத்து நின்றது. நவராத்திரி தொடங்கி இரண்டு மூன்று நாள். பிறை சீக்கிரமே மறைந்துவிட்ட இருட்டு. நகரத்தில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன, கலங்கரை விளக்கமும் சுழன்றது. ராத்திரி ஒன்பதரை மணி வாக்கில் எம்டன் தேடுவிளக்கைப் போட்டு பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் குறிபார்த்துச் சுட்டது. இரண்டு தொட்டிகள் பற்றி எரிந்தன. துறைமுகத்தில் நின்ற சுப்ரா என்ற கப்பலில் குண்டு விழுந்து உயிர்ச்சேதம் ஆனது. அரை மணி நேரத்தில் சுமார் 125 குண்டுகள். பிறகு விளக்கை அணைத்துவிட்டுப் போய்விட்டது. உயர்நீதிமன்றத்தின் வெளிச்சுவரில் குண்டு விழுந்த இடத்தைச் சொல்லும் கல்வெட்டை இன்றைக்கும் பார்க்கலாம்.

மறுநாளிலிருந்து ஜனங்கள் மூட்டை முடிச்சோடு நகரத்தை விட்டு ஓடினார்கள். மதராஸிலிருந்து தூத்துக்குடி வரை போகும் ரயில் எங்கள் திண்டுக்கல் வழியாகத்தான் போனது. அப்பத்தாவைப் பெற்றவள் வலியோடு படுத்திருந்தபோது திண்டுக்கல் சந்தைக்குப் போய்த் திரும்பியவர்கள் இந்தச் செய்தியைக் கொண்டுவந்தார்களாம். ஊர்ப் பெண்கள் சீமெண்ணெய் விளக்கை ஊதி அணைத்துவிட்டு இருட்டில் பிரசவம் பார்த்ததாக அப்பத்தா சொல்வாள். கடல் எங்கே, அகரம் எங்கே! ஆனாலும் அந்தப் பயத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். வெள்ளைக்காரன் வீட்டு வாசலிலேயே ஒருவன் வந்து அடித்துவிட்டுப் போக முடியும் என்பதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டார்கள். சிலருக்கு அதில் ரகசியமாக ஒரு மகிழ்ச்சியும் இருந்திருக்கும். செண்பகராமன் பிள்ளை எம்டனில் வந்தார் என்ற கதை அந்த மகிழ்ச்சியில் பிறந்ததென்று நினைக்கிறேன். அவர் அப்போது ஐரோப்பாவில் இருந்தார். அங்கே இந்திய விடுதலைக்காக அவர் செய்த வேலையே அவருக்குப் போதுமான பெருமை.

எம்டன் சுட்ட குண்டைவிட, சுடாமல் செய்த சேதம் பெரிது. வங்கக் கடலில் கப்பல் போக்குவரத்து நின்றது. இன்ஷூரன்ஸ் கட்டணம் எகிறியது. சரக்கு துறைமுகத்தில் தேங்கியது. எங்கள் தாத்தா பேகம்பூர் பக்கம் ஒரு தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்தவர். மதராஸ் பக்கத்தில் பதனிட்ட தோலில்தான் பிரிட்டிஷ் பட்டாளத்தின் பூட்ஸுக்கு மேல்பாகம் தைத்தார்கள். சண்டை நீள நீள அரசாங்கமே அந்தத் தோலை மொத்தமாக எடுத்துக்கொண்டது. ஆவாரம் பட்டையில் ஊறிய தோல் ரயிலேறி, கப்பலேறி, பிரான்சின் சேற்றில் நின்ற சிப்பாயின் காலுக்குப் போக வேண்டும். நடுவில் ஒரு சரக்குக் கப்பல் மூழ்கினால் அந்தச் சங்கிலி அறுந்துபோகும். போர்க்கப்பல்கள் வியாபாரக் கப்பலைத் தேடித் திரிந்தது இதற்காகத்தான்.

இலங்கைக்கு மேற்கே போனபோது எம்டனுக்குப் பெரிய அதிர்ஷ்டம் அடித்தது. செப்டம்பர் 27ஆம் தேதி பியூரெஸ்க் என்ற பிரிட்டிஷ் கப்பலைப் பிடித்தார்கள். ஹாங்காங்கில் இருந்த பிரிட்டிஷ் கடற்படைக்காகப் போய்க்கொண்டிருந்த 6,600 டன் வேல்ஸ் கரி அதில் இருந்தது. கப்பல் அடுப்புக்கு அதைவிட உசத்தியான கரி உலகத்திலேயே கிடையாது. சூடு அதிகம், புகை குறைவு. ஜெர்மன் ஆட்களை அதில் ஏற்றித் தங்கள் கரிக்கப்பலாக ஆக்கிக்கொண்டார்கள்.

பியூரெஸ்க் வந்ததும் மார்க்கோமானியாவுக்கு விடை கொடுத்தார்கள். எம்டன் ஆட்களின் கடிதங்களை வாங்கிக்கொண்டு, போன்டோபோரோஸில் மிச்சமிருந்த கரியை மாற்றிக்கொள்ள அது சுமத்ரா பக்கம் போனது. அக்டோபர் 12ஆம் தேதி யார்மவுத் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் இரண்டையும் கண்டுபிடித்தது. மார்க்கோமானியா மூழ்கியது, போன்டோபோரோஸை மீட்டுக்கொண்டு போனார்கள். எந்த நாட்டு நாக்கிலும் மார்க்கோமானியா ஒரு சொல்லாக மாறவில்லை.

அதற்கு இரண்டு நாள் முன்பு வரை எம்டன் டியேகோ கார்சியா தீவில் நின்று கரி ஏற்றிக்கொண்டிருந்தது. சண்டை நடப்பதே அந்தத் தீவுக்காரர்களுக்குத் தெரியாது. அவர்களுடைய மோட்டார் படகை ரிப்பேர் செய்து கொடுத்துவிட்டுக் கிளம்பினார்கள் ஜெர்மானியர்கள். அக்டோபர் நடுவில் மினிக்காய்க்குப் பக்கத்தில் மறுபடி வேட்டை. அதில் அகப்பட்ட எக்ஸ்ஃபோர்டிலும் வேல்ஸ் கரி. சீனக் கடற்கரையில் வியாபாரக் கப்பல் ஓட்டிய அனுபவமுள்ள லாட்டர்பாக் என்பவரிடம் அதை ஒப்படைத்தார்கள். நிக்கோபாரில் நான்கௌரி துறையில் பியூரெஸ்கிடம் கரி வாங்கிக்கொண்டு எம்டன் பினாங்குக்குப் போனது. அக்டோபர் 28 விடியற்காலையில் ரஷ்யப் போர்க்கப்பல் செம்சுக்கையும், பிறகு பிரெஞ்சுக் கப்பல் மூஸ்கேயையும் மூழ்கடித்தது. பினாங்கு கதை எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. நான் அடுப்படிக்கே திரும்புகிறேன்.

அந்தச் சமயம் பிரிட்டிஷ் வியாபாரக் கப்பல்களில் வேலை பார்த்த இந்தியர்கள் ஐம்பதாயிரத்தை ஒட்டி. சில்ஹட், சிட்டகாங், நவகாளி, கொங்கணம், கட்ச் என்று பல கரைக்காரர்கள். அடுப்படியில் நின்ற ஆக்வாலா, கோய்லாவாலா பலரும் இவர்கள்தான். எம்டனிடம் மாட்டியவர்கள் உயிரோடு கரை சேர்ந்தார்கள். பிறகு நீர்மூழ்கிகள் சுட்ட கப்பல்களில் இருந்தவர்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. நீர்மட்டத்துக்குக் கீழே இன்ஜின் ரூமில் இருக்கிறவனுக்கு ஏணி ஏறி வரவே நேரம் போதாது. கல்கத்தாவில் ஹூக்ளி கரையில் இவர்களுக்கென்று ஒரு நினைவுத் தூண் இருக்கிறது, 1924இல் எழுப்பியது. வங்காளத்தையும் அஸ்ஸாமையும் சேர்ந்த 896 பேருக்காக. தூணின் நான்கு பக்கமும் பழங்காலக் கப்பலின் முகப்பு நீட்டிக்கொண்டிருக்கும். சாச்சாதான் என்னை அங்கே கூட்டிப் போனார். செருப்பைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றார். நானும் கழற்றினேன்.

நவம்பர் 9. அது ஐப்பசி, எங்கள் ஊரில் முத்தாலம்மன் திருவிழா மாதம். கோகோஸ் தீவுகளில் இருந்த தந்தி நிலையத்தை உடைக்க எம்டன் ஐம்பது பேரைக் கரையில் இறக்கியது. அங்கேயே கரி நிரப்பிக்கொள்ளலாம் என்று பியூரெஸ்குக்கு வயர்லெஸ்ஸில் அழைப்பு அனுப்பினார்கள். காலை ஒன்பது மணி வாக்கில் தொடுவானத்தில் புகை தெரிந்தது. பியூரெஸ்க் வருகிறது என்று நினைத்துக் கரி ஏற்றுவதற்கான ஏற்பாட்டில் இருந்தார்கள். புகை நெருங்கியபோதுதான் அது சிட்னி என்று தெரிந்தது. ஆஸ்திரேலியப் பட்டாளத்தை ஏற்றிப் போன கப்பல் கூட்டத்துக்குக் காவலாக வந்த போர்க்கப்பல். எம்டனைவிடப் பெரியது, வேகமானது, பீரங்கியும் அதிக தூரம் சுடும். தீவில் இறங்கிய ஆட்களைத் திரும்ப ஏற்றக்கூட அவகாசமில்லை. சண்டையில் எம்டன் ஆட்கள் 130 பேருக்கு மேல் செத்தார்கள். முல்லர் கப்பலைப் பவளப்பாறையில் ஏற்றி நிறுத்தினார்.

பியூரெஸ்க் கூப்பிட்ட சொல்லுக்கு வரத்தான் வந்தது. சிட்னி அதைத் துரத்தியது. நெருங்கியபோது, கப்பல் எதிரி கைக்குப் போகக் கூடாதென்று அதிலிருந்த ஜெர்மானியர்களே அடிவால்வுகளைத் திறந்துவிட்டார்கள். நல்ல வேல்ஸ் கரியோடு அது கடலுக்குள் போனது. தீவில் மாட்டிக்கொண்ட ஐம்பது பேரும் அங்கே நின்ற ஆயிஷா என்ற பழைய கொப்பரைப் பாய்மரக் கப்பலை எடுத்துக்கொண்டு, பிறகு வேறு கப்பல் மாறி, அரேபியா வழியாகப் போனார்கள்; பெரும்பாலோர் ஊர் போய்ச் சேர்ந்தார்கள். அது ஒரு தனிப் புராணம்.

எக்ஸ்ஃபோர்டைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். கோகோஸுக்கு வடக்கே இந்த இடத்தில் நில், வந்து கரி வாங்கிக்கொள்கிறேன் என்று எம்டன் சொல்லிவிட்டுப் போயிருந்தது. எம்டன் பாறையில் கிடந்தபோது லாட்டர்பாக்கும் அவர் ஆட்களும் சொன்ன இடத்தில் காத்து நின்றார்கள். அடுப்பை அணைக்காமல், வாட்ச் மாற்றி மாற்றி, தொடுவானத்தில் மூன்று புகைபோக்கி தெரிகிறதா என்று பார்த்தபடி. கடைசியில் சுமத்ராவின் பதாங் பக்கம் போனபோது, டிசம்பரில், எம்ப்ரஸ் ஆஃப் ஜப்பான் என்ற கப்பல் அதைப் பிடித்தது. அப்போதும் அதன் ஹோல்டில் எம்டனுக்கான கரி இருந்தது.